படத்துக்காக வெட்டிய வரி

நேற்று, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு உறுதியான செய்தி: உன் மகன் மார்ட்டினின் இரத்தப் பூச்சில் மலேரியா ஒட்டுண்ணி காணப்படவில்லை. வெள்ளிக்கிழமைப் பூச்சிலும் இல்லை, இது இரண்டாவது. சொன்னவர் வார்டு மருத்துவர். அவர் எதிரில் நின்று கேட்டேன், முடிவுத் தாளையும் வாங்கிப் பார்த்தேன். யாரோ சொன்னார்கள் என்று எதையும் உன்னிடம் கொண்டுவரக் கூடாது என்பது நமக்குள் இருந்த பழைய ஒப்பந்தம்.

இதை எழுதும்போது மேசைமேல் உன் படம் இருக்கிறது. உன் பாயான் பாரு வீட்டுக் கூடத்தில் முப்பது ஆண்டாகத் தொங்கிய அந்தச் செய்தித்தாள் நறுக்குதான். மார்ட்டினின் மனைவி ஷாமினி அதைச் சட்டத்தோடு ஒரு துண்டில் சுற்றி என் காரில் வைத்தாள். இன்று காலை பின்பலகையைக் கழற்றினேன். மெல்லிய மணம் ஒன்று வந்தது: தேவதாரு எண்ணெய். நுண்ணோக்கியின் வில்லைக்கும் இரத்தம் பூசிய கண்ணாடிச் சில்லுக்கும் நடுவே ஒரு துளி விடுவாயே, அந்த எண்ணெய். முப்பது ஆண்டு ஒரு மணம் தங்குமா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று உறுதி செய்ய வீட்டில் வேறு ஆளில்லை. ஆனால் கறை பொய்யில்லை. செய்தியின் கடைசிப் பத்தியில், கட்டைவிரல் அளவுக்குத் தாள் எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருக்கிறது. மறுபக்கத்து விளம்பரத்தின் எழுத்துகள் இடவலம் மாறி அதன் வழியே தெரிகின்றன.

உன்னை முதலில் பார்த்த நாளிலும் நான் ஒரு முடிவுக்காகத்தான் காத்திருந்தேன். காட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். மலேரியாவா இல்லையா என்பது ஐந்து மணிக்குள் என் நாளிதழுக்குத் தெரிய வேண்டும். ஜார்ஜ்டவுனில் அந்தப் பழைய ஆய்வுக்கூடத்தில் நீ நுண்ணோக்கிமேல் குனிந்திருந்தாய். இடக்கையில், அழுத்தினால் ஒன்று கூடும் எண்ணும் கருவி. ‘டிக்’ என்ற ஒலி மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்றேன்.

“அறுபத்திரண்டு.”

“நிமிஷமா?”

“வட்டம். ஒவ்வொரு தடவ கண்ணாடிய நகத்துறப்பவும் ஒரு வட்டம் தெரியும். நூறு பாக்கணும். அறுபத்திரண்டு முடிஞ்சிருக்கு.”

“இதுவரைக்கும் ஒண்ணும் இல்லல்ல? அப்ப இல்லன்னு போட்டுக்கவா?”

நீ தலையைத் தூக்கவில்லை. “ரிப்போர்ட்டரம்மா, இருக்குன்னு சொல்ல ஒரு வட்டம் போதும். இல்லன்னு சொல்ல நூறும் வேணும். கேண்டீன்ல தே தாரே நல்லா இருக்கும், குடிச்சிட்டு வாங்க.”

குடித்துவிட்டுத் திரும்பியபோது, வணக்கம் சொல்வதுபோல் “எண்பத்தொண்ணு” என்றாய். எண்பத்தோராவது வட்டத்தில் அது இருந்தது. அறுபத்திரண்டில் நான் எழுதியிருந்தால் மறுநாள் பத்திரிகை பொய் சொல்லியிருக்கும். அதற்குப் பிறகு ‘ங்க’ போய் ‘டி’ வர ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஞாயிறு மலருக்கு உன்னைப் பற்றி எழுதினேன். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகளாகப் பிறந்து, பத்து வயதுக்குள் மூன்று முறை மலேரியாவில் நடுங்கியவள், இப்போது அதே ஒட்டுண்ணியைக் கண்ணாடியில் தேடிப் பிடிக்கிறாள் என்பதுதான் செய்தி. “பழைய பக்கத்து வீட்டுக்காரனப் பஸ் ஸ்டாண்டுல பாக்கற மாதிரி இருக்கும்டி. ‘ஓ, நீயா’ன்னு தோணும்” என்றாய். அதைத் தலைப்பில் வைத்தேன். ஒரு நோய் திரும்பத் திரும்ப வந்தால் உடல் அதோடு எப்படிப் பழகுகிறது என்றும் நீ சொல்லியிருந்தாய். அதைக் கடைசியில் வைத்தேன்.

படம் அவ்வளவு நன்றாக அமையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நுண்ணோக்கியிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்திருக்கிறாய். ஒரு கண் இன்னும் பாதி சுருங்கி, யாரையோ கேலி செய்யப் போகிற முகம். புகைப்படக்காரருக்குப் பின்னால் நான்தான் நின்றிருந்தேன். பக்கம் கட்டும்போது இரண்டு வாக்கியத்துக்கு இடம் பற்றவில்லை. படத்தைக் கீழே குறைத்தால் எண்ணும் கருவியோடு உன் கை போய்விடும். செய்தியைக் குறைப்பதென்றால் வாலிலிருந்து வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம். முக்கியமானதைத் தலையில் வைத்திருப்போம், வாலில் இருப்பது போனாலும் பாதகமில்லை என்று கணக்கு. பக்கம் கட்டியவர் கத்தரிக்கோலோடு கேட்டார்: “கை போகட்டுமா, வால் போகட்டுமா?”

“கை இருக்கட்டும்ணே. வால வெட்டுங்க” என்றேன்.

அப்படித்தான், ‘பலமுறை மலேரியா கண்ட உடலை அந்த நோய் பிறகு எளிதில் வீழ்த்துவதில்லை’ என்பது கடைசி வரியானது. அதற்கடுத்து நான் எழுதியிருந்தது இது: ‘ஆனால் மலேரியாக் கொசு இல்லாத ஊருக்கு வந்துவிட்டால் சில ஆண்டுகளில் அந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். பிறகு வரும் காய்ச்சல் புதிய ஆளுக்கு வருவதுபோல்தான்.’ அந்த இரண்டு வாக்கியங்களும் தரையில் கிடந்த தாள் துண்டுகளோடு பெருக்கப்பட்டன.

திங்கட்கிழமை பத்துப் பிரதிகளோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன், பாராட்டு வாங்க. நீ கையைத் துடைக்காமலே ஒன்றைப் பிரித்தாய். படத்தைப் பார்த்துச் சிரித்தாய். கடைசிப் பத்திக்கு வந்ததும் கட்டைவிரலை அதன்மேல் அழுத்தினாய்.

“எவ இத எழுதுனது?”

“பேரு மேலயே போட்டிருக்கே.”

“நான் சொன்னதுல பாதிதான் இருக்கு. மீதிய யாரு தின்னது?”

“எடம் இல்லடி. உன் கைய வெட்ட மனசு வரல.”

“என் கையக் காப்பாத்த ஊரான் உயிர எடுப்பியா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். விரலை மட்டும் எடுக்கவில்லை. “நீ பசார்ல மீன்காரிகிட்ட ஹொக்கியன் சீனத்துலதான பேரம் பேசுறே? ஒரு மூணு வருஷம் பேசாம இருந்து பாரு. அப்பறம் அவ சொல்றதுதான் வெல. ஒடம்பும் அப்படித்தான். கொசு கடிச்சிகிட்டே இருக்கற எடத்துலதான் பாஷ நிக்கும். அதுவும் முழுசா இல்ல, பேரம் பேசற அளவுக்குத்தான். உள்ளயே வராதன்னு அவன வாசல்ல நிறுத்தற அளவுக்கு யாருக்கும் வராது. அவன் வேற வேற சட்ட மாத்திகிட்டுல்ல வருவான்.”

புதன்கிழமை திருத்தம் வந்தது. பதினோராம் பக்கம், மரண அறிவிப்புகளுக்கு மேலே, நான்கு வரி. அதை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் ஒட்டிவைத்தேன். நான் செய்த தவறுகளுக்கென்று அன்று தொடங்கிய புத்தகம் அது. இன்றும் இருக்கிறது, தடித்துவிட்டது.

நீ ஒட்டிவைத்தது வேறு. உன் எண்ணெய் விரல் பட்ட அதே பிரதியிலிருந்து செய்தியை நறுக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாய்.

“திருத்தத்தையும் சேத்து மாட்டுடி” என்றேன்.

“அதுல என் படம் இல்லையே. பாரு, எவ்ளோ ஒல்லியா இருக்கேன்! தப்புன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வேற யாரு அந்தக் கடைசி வரி வரைக்கும் படிக்கப் போறா?”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மார்ட்டினுக்கு மூன்று வயது. தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றதும் அவன் வீட்டில் முதலில் வாசித்தது அம்மாவின் படத்துக்குக் கீழே இருந்ததைத்தான். கடைசி வரி வரைக்கும்.

நீ எந்தக் கொசுவையும் சும்மா விட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு என்னையும் இழுத்துப் போனாய். மாலைப் பவனி தொடங்கும் நேரம், எல்லார் கையிலும் மெழுகுவத்தி. என் முழங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அடிக்கக் கையை ஓங்கினேன்.

“இரு இரு, அடிக்காத. எப்படி உக்காந்திருக்குன்னு பாக்கணும்.”

“கடிக்குதுடி!”

“கடிக்கட்டும். தல கீழ, வால் மேலன்னு சாஞ்சி உக்காந்தா அவ மலேரியாக்காரி. இது படுத்த மாதிரி உக்காந்திருக்கு, கால்ல வெள்ள வெள்ளயா வளையல் வேற. டெங்கிக்காரி. நம்ம ஊருக்காரிதான். அடி.”

அதற்குள் அவள் குடித்துவிட்டுப் போய்விட்டாள். பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மாள் நம் இருவரையும் முறைத்தார்.

மார்ட்டின் செம்பனை எண்ணெய் ஆலைப் பொறியாளனாகி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன நான்கு ஆண்டும் நீ ஞாயிறு பூசை முடிந்ததும் அவனை அழைப்பாய். நலம் விசாரிப்பதற்கு முன்னால் கேள்வி: “மாத்திர போட்டியா? வல கட்டுனியா?” அப்படியும் அவனுக்கு மூன்று முறை வந்தது. முதல் முறை எழுந்திருக்க இரண்டு வாரம். மூன்றாம் முறை இரண்டே நாளில் வேலைக்குப் போய்விட்டான். “பழகிட்டான் போல” என்று என்னிடம் சொன்னாய். உன் குரலில் அப்போது மகிழ்ச்சி இல்லை. பிறகு உனக்கு இதயம் சரியில்லாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு வந்தான். ஓர் ஆண்டு உன்னைப் பார்த்துக்கொண்டான். நீ போய் மூன்று ஆண்டு. ஆக, நான்கு ஆண்டு அவன் உடல் அந்தப் பாஷையைப் பேசவில்லை.

சென்ற மாதம் ஆப்பிரிக்காவில் அந்தப் பழைய ஆலையில் கொதிகலன் ஒன்று பழுதாகி, பத்து நாள் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அவனைக் கூப்பிட்டார்கள். இங்குள்ள வேலையில் விடுப்பெடுத்துப் போனான். மாத்திரை கேட்க ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் அழைக்கவில்லை. நான் அழைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஷாமினி பேசினாள். “ஆண்டி, மார்ட்டினுக்குச் சனிக்கிழமைலேர்ந்து காய்ச்சல். கிளினிக்ல டெங்கி டெஸ்ட் எடுத்தாங்க, இல்லன்னு வந்திருக்கு. ஆனா பிளேட்லெட் கொறையுது, டெங்கியாத்தான் இருக்கும், நெறைய தண்ணி குடிங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

“எங்க போயிருந்தான், என்னைக்கு வந்தான்னு கேட்டாங்களா?”

“இல்லையே.”

“நீங்க சொன்னீங்களா?”

“அவரு தேவையில்லன்னு சொல்லிட்டாரு ஆண்டி. மலேரியா அவருக்கு ஒண்ணும் செய்யாதாம்.”

சிம்பாங் அம்பாட்டில் என் வீட்டிலிருந்து பாயான் பாருவுக்கு, வழக்கத்தைவிடக் கடல் பாலத்தில் கூடுதல் நேரம் ஆனது. உன் மகன் கூடத்து சோபாவில் இரண்டு போர்வைக்குள் இருந்தான். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான், சுவரைக் காட்டினான்.

“ஆண்டி, நீங்க எழுதுனதுதானே? எனக்கு மூணு தடவ வந்துருச்சி லா. இது வேற ஏதோ ஃப்ளூ.”

அந்த வரிக்கு எதிரே நின்று என்ன சொல்வது? எழுத்துக் கூட்டிய நாளிலிருந்து அதை நம்பியவனிடம் பதினோராம் பக்கத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. “அது தப்பு. நான்தான் தப்பா எழுதுனேன். எந்திரி” என்றேன். அவன் உன்னைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தான். எழுந்து இரண்டடி வைத்ததும் முழங்கால் மடங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் நான் பேசியது எங்கள் தொழிலின் வரிசையில், முக்கியமானது தலையில்: எந்த நாடு, எந்த ஊர், போன நாள், திரும்பிய நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், தடுப்பு மாத்திரை எடுக்கவில்லை. திரும்பி வந்து பத்தாம் நாள் காய்ச்சல். இந்த முறை வாலில் எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த இளம் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, உடனே இரத்தப் பூச்சு எடுக்கச் சொன்னார். நான்கு மணிக்கு முடிவு வந்தது: ஃபால்சிபாரம். மலேரியா வகைகளைச் சொல்லும்போது ‘நாலு பேர்ல இவன்தான் கொலைகாரன்’ என்பாயே, அவன்தான். எந்த வட்டத்தில் கண்டார்கள் என்று கேட்க நினைத்தேன். முதல் வட்டத்திலேயே இருந்திருக்கும், அவ்வளவு கூட்டம் என்று பிறகு தெரிந்தது.

அன்று மாலையே ஊசி மருந்து தொடங்கியது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஷாமினியும் நானும் வெளியே நாற்காலியில். அவள் உன் ஜெபமாலையை வைத்திருந்தாள். வியாழக்கிழமை அவள் கேட்டாள்: “ஆண்டி, முன்னாடி மூணு தடவ வந்தது கொஞ்சம்கூட காப்பாத்தலையா?” இதை மருத்துவரிடம் கேட்டேன். கொஞ்சம் உதவியிருக்கலாம், உதவாமலும் இருந்திருக்கலாம், இவர் விஷயத்தில் பிரித்துச் சொல்ல வழியில்லை என்றார். அதை அப்படியே ஷாமினியிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சேர்த்திருக்கலாம். நீ இருந்தால் சேர்த்திருக்க மாட்டாய்.

கிளினிக் மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. நீ வேலை பார்த்த காலத்தில் காய்ச்சல் என்றால் யாருக்கும் மலேரியா நினைவுக்கு வரும். இப்போது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா நம் நாட்டில் உள்ளூரில் தோன்றுவதில்லை. காட்டோரத்தில் குரங்கிலிருந்து வரும் வகைதான் மிச்சம். பினாங்கில் காய்ச்சல் என்றால் டெங்கி. மறப்பது கொசு கடிக்காத உடல் மட்டுமில்லை போலிருக்கிறது. போன மாதம் பசாரில் மீன்காரியிடம் விலை கேட்டேன். ‘குறைத்துக் கொடு’ என்பதற்கான ஹொக்கியன் சொல் வரவில்லை. மலாய் மொழியில் கேட்டேன். அவள் சொன்ன விலைக்கே வாங்கி வந்தேன்.

நேற்று வார்டில் மார்ட்டின் தலையணைமேல் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். முகம் உன் கடைசி மாதத்து முகம்போல் ஒடுங்கியிருந்தது. நான் பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். முதல் பக்கத்தைக் காட்டினேன். நான்கு வரியையும் படித்தான், இரண்டு முறை.

“இது எங்க ஆண்டி இருந்துச்சி?”

“என்கிட்ட.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“அவதான் எழுத வெச்சா. உங்க வீட்டுப் படத்துல எண்ணெய்க் கற ஒண்ணு இருக்கே, அது அவ கட்டவெரல். எந்த வரி தப்புன்னு காட்டுனது.”

கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தான். “நான் சின்னதுல அத தொடச்சிப் பாத்திருக்கேன். போகல.” பிறகு, “படத்த எடுத்துறாதீங்க ஆண்டி” என்றான்.

“எடுக்கல. வால ஒட்டித் தரேன்.”

அதைத்தான் இன்று செய்துகொண்டிருக்கிறேன். பயிற்சிப் புத்தகத்திலிருந்து அந்த நான்கு வரியை ஆவியில் காட்டி உரித்து எடுத்துவிட்டேன். படத்துக்குக் கீழே, உன் விரல் பட்ட இடத்துக்கு அடுத்து வைத்துப் பார்த்தேன். சட்டத்துக்குள் கொள்ளவில்லை. பெரிய சட்டம் ஒன்று வாங்க வேண்டும். உன் கை அப்படியே இருக்கிறது, எண்ணும் கருவியோடு. பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கம் இப்போது வெற்றாக இருக்கிறது. பசையின் மஞ்சள் தடம் மட்டும் நாற்சதுரமாகத் தெரிகிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

பார்த்துப் போக வந்த உறவினர்கள் ‘குணமாகிவிட்டான்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். வரும் செவ்வாயில் தொடங்கி ஒவ்வொரு செவ்வாயும் ஒரு இரத்தப் பூச்சு. நான்காவது செவ்வாய், இருபத்தெட்டாம் நாள், கடைசி. ஒளிந்திருப்பது ஏதாவது இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும் என்கிறார் மருத்துவர். அன்று பிற்பகல் முடிவு வரும். ஷாமினிக்குச் சொல்வார்கள், தாளைப் பார்த்துவிட்டு ஷாமினி எனக்கு. அதன் பிறகு நான் உனக்கு.